மேலே 14 நாற்காலி கூடியது. கீழே நமக்கு எத்தனை?



2020 ஒக்டோபர் 22ஆம் திகதி 20ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அன்று நாடு முழுவதும் ஒரே பேச்சு, ஜனாதிபதியின் அதிகாரம். அது பேசவேண்டிய பேச்சுத்தான். ஆனால் அதே திருத்தத்துக்குள் நம்மில் பலர் கவனிக்காத இன்னொரு மாற்றமும் இருந்தது. உயர் நீதிமன்ற நீதிபதிகளின் உச்ச எண்ணிக்கை 11 இலிருந்து 17 ஆனது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 12 ஆக இருந்தது 20 ஆனது. இரண்டிலும் சேர்த்து 14 நாற்காலிகள் கூடின. 2022இல் 21ஆவது திருத்தம் வந்து பலவற்றை மாற்றியபோதும் இந்த எண்ணிக்கை அப்படியே இருக்கிறது.

கூட்டியது தவறு என்று நாம் சொல்லவில்லை. 1978 அரசியலமைப்பு உயர் நீதிமன்றத்துக்கு 11 நீதிபதிகள் போதும் என்றது. 1981ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்த நாட்டு மக்கள் தொகை 1 கோடி 48 இலட்சம். 2012இல் அது 2 கோடி 3 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. மக்கள் கூடினார்கள், வழக்குகள் கூடின. நீதிபதிகள் மட்டும் 42 வருடங்களாக அதே 11 பேர். நாட்டின் நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் 10 இலட்சத்துக்கு மேல் என்று நீதியமைச்சர்களே பாராளுமன்றத்தில் சொல்லி வருகிறார்கள். ஆகவே நீதிபதிகள் கூட வேண்டும் என்பதில் சந்தேகமில்லை.

நம் கேள்வி வேறு. அந்தப் 10 இலட்சம் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை கொழும்பு புதுக்கடையில் இல்லை. நீதவான் நீதிமன்றத்திலும் மாவட்ட நீதிமன்றத்திலும் கிடக்கின்றன. கூரையை உயர்த்திவிட்டு வாசற்படியை அப்படியே விட்டால், வாசலில் நிற்கிறவன் எப்படி உள்ளே வருவான்?

தோட்டத்துக்கும் நீதிபதிக்கும் என்ன தொடர்பு?

நிறையத் தொடர்பு இருக்கிறது. 2024 மே மாதம் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. யூலை மாதம் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில் கடைசியாக வந்தது 1,350 ரூபாய். மலையில் கொழுந்து பறிக்கிறவளின் ஒருநாள் கூலி கொழும்பில் ஒரு நீதிமன்ற அறையில் கூடிக் குறையும் என்பதை நாம் கண்ணால் கண்டோம்.

அது கம்பனிகள் தொடுத்த வழக்கு. பெரிய சட்டத்தரணிகள் வந்தார்கள், விரைவாகத் தவணை கிடைத்தது. நம்முடைய அன்றாட வழக்குகள் அப்படி நடப்பதில்லை.

வேலையை விட்டு நிறுத்தினால் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு மனுப் போடவேண்டும். லேபர் டிரிபியூனல் என்று நாம் சொல்வது இதைத்தான். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1957இல் வந்த திருத்தம் இதை நமக்குத் தந்தது. சட்டத்தரணி இல்லாமல் சங்கப் பிரதிநிதியே தொழிலாளிக்காகப் பேசலாம் என்பது இதன் பெரிய பலம். ஆனால் அங்கே தீர்ப்புக் கிடைத்தாலும் தோட்ட நிர்வாகம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்கு மேலே அனுமதி பெற்று உயர் நீதிமன்றம் போகலாம். மூன்று படிகள். ஒவ்வொரு படியிலும் நீதிபதி குறைவு என்றால் ஒவ்வொரு படியிலும் வருடங்கள்.

ஓய்வு பெற்றவர்களின் நிலையைப் பாருங்கள். 5 வருடம் வேலை செய்தவருக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி பணம் கொடுக்கவேண்டும். நாட்கூலிக்காரருக்கு ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கொடுக்காவிட்டால்? தொழில் ஆணையாளர் சான்றிதழ் கொடுத்து நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே அந்தப் பணத்தைத் தண்டப்பணம் போல அறவிடலாம். சேமலாப நிதிக்கு நிர்வாகம் கட்டாமல் விட்ட பணத்துக்கும் இதே வழிதான். சம்பளத்தில் நம் 8 வீதத்தை வெட்டிக்கொள்கிறார்கள். அதையும் தங்கள் 12 வீதத்தையும் கட்டாமல் விட்டால் கடைசியில் அதை வாங்கித் தரவேண்டியவர் நீதவான்தான்.

அந்த நீதவானுக்கு முன்னால் அன்றைக்கே கசிப்பு வழக்கும், அடிதடி வழக்கும், வீதி விபத்து வழக்கும், தாபரிப்பு வழக்கும் கட்டுக்கட்டாக இருக்கின்றன. நம் வழக்குக்கு அடுத்த தவணை. பிறகு அதற்கு அடுத்த தவணை. வழக்குக்காரர் 20 தவணை போகிறார் என்று வையுங்கள். 2024இல் வந்த 1,350 ரூபாய் வீதம் பார்த்தால் பேர் இழந்த கூலி மட்டும் 27,000 ரூபாய். பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் வேறு. கிடைக்கவேண்டிய பணத்தைத் தேடிப் போய்க் கையில் இருந்ததைத் தொலைக்கிறோம். சில தோழர்கள் பணத்தைக் காணாமலே கண்மூடிவிடுகிறார்கள். பிறகு பிள்ளைகள் மரணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் தேடி அலைகிறார்கள். சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர்.

ஊர்காவற்றுறைப் பக்கம் பார்ப்போம்

இந்தத் துன்பம் மலையகத்துக்கு மட்டும் உரியது என்று நினைக்கக்கூடாது. நாட்டின் மற்ற முனையில், யாழ்ப்பாணத் தீவகத்தில், கடற்றொழில் செய்தும் பனையேறியும் கூலி வேலை செய்தும் வாழும் மக்களும் இதே வாசலில்தான் நிற்கிறார்கள். நமக்கு அவர்கள் அந்நியர் இல்லை. மலையகப் பட்டணங்களில் புங்குடுதீவு, வேலணை, நயினாதீவுக்காரர் கடை வைத்திருந்த காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். கொப்பியில் கடன் எழுதி, சம்பள நாளில் கணக்குத் தீர்த்த கடைகள் அவை. 1983 கலவரத்தில் அவர்கள் கடையும் எரிந்தது, நம் லயமும் எரிந்தது. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு இன்றைக்கும் நம் ஆட்கள் போய் வருகிறார்கள்.

தீவகத்துக்கான நீதிமன்றம் ஊர்காவற்றுறையில் இருக்கிறது. நெடுந்தீவுக்காரர் ஒருவருக்கு அங்கே வழக்கு என்றால் விடியமுன் எழும்பவேண்டும். காலைப் படகில் ஏறி ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலில் வந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் இறங்கவேண்டும். அங்கிருந்து பஸ்ஸில் புங்குடுதீவைக் கடந்து, கடல் நடுவே போட்ட பாலத்தால் வேலணைக்கு வந்து, வங்களாவடியில் மாறி ஊர்காவற்றுறைக்குப் போகவேண்டும். நயினாதீவுக்காரருக்குக் கடல் வழி குறைவு. ஆனால் அவரும் படகை நம்பித்தான் இருக்கிறார். வழக்கு மத்தியானம் தாண்டினால் மாலைப் படகைப் பிடிக்க ஓடவேண்டும். படகு போய்விட்டால் அந்த இரவு தெரிந்தவர் வீட்டுத் திண்ணை.

சோளகம் எழும்பினாலோ வாடைக்காற்றுக் கடுமையானாலோ படகு ஓடாது. நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லை. எதிராளி வராவிட்டால் பிடியாணை வரலாம். சாட்சி வராவிட்டால் ஒத்திவைப்பு. கடல் கொந்தளித்தது என்பதை நீதவான் அறியாதவர் அல்ல. ஆனாலும் தவணை போனது போனதுதான்.

சரி, ஊர்காவற்றுறையில் இருக்கும் நீதிபதிக்கு வேலை குறைவா? சிறிய நீதிமன்றங்களில் ஒரே நீதிபதியே நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருப்பது வழக்கம். ஊர்காவற்றுறையும் அப்படி நடந்து வந்த நீதிமன்றம். திருட்டு வழக்கும் அவருக்கு, காணி வழக்கும் அவருக்கு. போரில் இடம்பெயர்ந்து வெளிநாடு போனவர்களின் காணிகள் நிறைந்த தீவகத்தில் உறுதி, எல்லை, பங்குப் பிரச்சினை எத்தனை இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. இதற்கு மேலே எல்லை தாண்டி வந்து கடற்படையிடம் பிடிபடும் இந்திய மீனவர்களையும் கடற்றொழில் அதிகாரிகள் அடிக்கடி கொண்டுவந்து நிறுத்துவது அந்த நீதிமன்றத்தில்தான். ஒரே நாளில் பத்து, இருபது பேர் என்று வருவார்கள். அவர்களும் ஏழைத் தொழிலாளர். அவர்களைக் காக்க வைக்கவும் கூடாது. ஆனால் அன்றைக்கு நெடுந்தீவிலிருந்து படகேறி வந்தவரின் வழக்கு என்னவாகும்?

இப்போது கேளுங்கள். கொழும்பில் கூடிய 14 நாற்காலிகளில் எத்தனை ஊர்காவற்றுறைக்கு வந்தன? எத்தனை ஹட்டனுக்கு வந்தன? ஒன்றும் இல்லை. வரவும் முடியாது. அவை அந்த இரண்டு நீதிமன்றங்களுக்கு மட்டுமான எண்ணிக்கை. நீதவான்களையும் மாவட்ட நீதிபதிகளையும் தொழில் நியாய சபைத் தலைவர்களையும் நியமிப்பது நீதிச் சேவை ஆணைக்குழு. நீதிமன்றப் பிரிவுகளை அமைப்பதும் செலவுக்குப் பணம் ஒதுக்குவதும் அரசாங்கத்தின் கையில். அரசியலமைப்பைத் திருத்தாமலே, மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேடாமலே, இவர்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம். சுலபமான இந்த வேலைதான் பின்னுக்குப் போகிறது.

அவர்களுக்குக் கடல், நமக்கு மொழி

தீவகத்தாருக்கு ஒரு விடயத்தில் நம்மைவிட வசதி உண்டு. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். நெடுந்தீவு மூதாட்டி சொல்வது அவர் மொழியிலேயே பதிவாகிறது. மற்ற மாகாணங்களில் நீதிமன்ற மொழி சிங்களம். நுவரெலியாவிலும் பதுளையிலும் இரத்தினபுரியிலும் நம் ஆட்கள் சொல்வதை ஒருவர் மொழிபெயர்க்கவேண்டும். அதற்கும் அதே உறுப்புரை வழி வைத்திருக்கிறது. மனுவைத் தமிழில் கொடுக்கலாம். மொழி விளங்காதவருக்கு அரசாங்கமே மொழிபெயர்ப்புத் தரவேண்டும்.

சட்டத்தில் இருப்பது வாசலில் கிடைப்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் அன்றைக்கு லீவு என்றால் வழக்கும் லீவு. அல்லது பக்கத்தில் நிற்கும் யாராவது பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் சொல்வார். ‘நான் அடிக்கவில்லை, தடுத்தேன்’ என்று நம் தொழிலாளி சொன்னது கட்டில் எப்படி எழுதப்பட்டது என்பது மேன்முறையீடு வரும்போதுதான் தெரியவரும். அப்போது காலம் கடந்துவிடும்.

ஆகவே ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம். புதிய நீதிபதி என்றால் அவர் மட்டும் இல்லை. அவரோடு ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு சுருக்கெழுத்தாளர், ஒரு பதிவாளர், உட்கார ஒரு அறை. இவை இல்லாமல் எண்ணிக்கையைக் கூட்டுவது, கொழுந்து நிறுக்க ஆள் வைக்காமல் தராசு மட்டும் வாங்குவது போல.

ஆள் இருந்தால் வழக்கு முடியும்

நீதிபதி கூடினால் வழக்கு விரைவாகுமா என்று சிலர் கேட்கலாம். தீவகத்திலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. 2015 மே மாதம் புங்குடுதீவில் ஒரு பாடசாலை மாணவி கொடூரமாகக் கொல்லப்பட்டாள். நாடே கொதித்தது. சந்தேகநபர்கள் முதலில் ஊர்காவற்றுறை நீதவான் முன்னால் நிறுத்தப்பட்டார்கள். அந்தக் கட்டத்திலேயே இரண்டு வருடம் போனது. பிறகு யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை மேல் நீதிமன்ற நீதிபதிகள் மூவரைக் கொண்டு விசேட அமர்வு அமைத்தார்கள். 2017 யூன் இறுதியில் விசாரணை தொடங்கியது. செப்டெம்பர் 27ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மூன்றே மாதம். ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் இரண்டு பாடங்கள். ஒரு வழக்குக்கென்று நீதிபதிகளை ஒதுக்கி, நாள் தவறாமல் விசாரித்தால் வருடக்கணக்கு மாதக்கணக்காகும். அதே நேரத்தில், அந்த மூவரும் ஒரு வழக்கில் அமர்ந்திருந்த நாட்களில் மூன்று மாவட்ட மக்களின் மற்ற வழக்குகளைப் பார்க்க அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. பத்துப் பேருக்கு வடித்த சோற்றை இருபது பேருக்குப் பகிர்வது போன்ற நிலைமை இது.

மேலே நீதிபதிகள் கூடியதன் நியாயமும் இந்த வழக்கிலேயே தெரிகிறது. இப்படி மூவர் அமர்வு தந்த தீர்ப்பின் மேன்முறையீட்டை உயர் நீதிமன்றத்தில் குறைந்தது ஐந்து நீதிபதிகள் சேர்ந்து கேட்கவேண்டும். 11 பேரில் ஐந்து பேரை ஒதுக்குவதும் 17 பேரில் ஐந்து பேரை ஒதுக்குவதும் ஒன்றல்ல. அப்படியிருந்தும் அந்த மேன்முறையீடு பல வருடங்கள் எடுத்தது.

இந்தியாவையும் பார்க்கலாம். 1950இல் அங்கே உச்ச நீதிமன்றத்தில் 8 நீதிபதிகள். படிப்படியாகக் கூட்டி 2019இல் 34 ஆக்கினார்கள். கீழ் நீதிமன்றங்களில் இன்றைக்கும் 4 கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் தேங்கியிருக்கின்றன. உச்சியில் மட்டும் கூட்டினால் அடிவாரம் தானாகச் சரியாகாது.

நாற்காலியை நிரப்புவது யார்?

எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னொன்று உண்டு. 20ஆவது திருத்தம் நாற்காலிகளைக் கூட்டிய அதே நேரத்தில், அவற்றில் யாரை உட்காரவைப்பது என்பதைப் பெரும்பாலும் ஜனாதிபதி ஒருவரின் கையில் கொடுத்தது. பாராளுமன்றப் பேரவை கருத்துச் சொல்லலாம்; தடுக்க முடியாது. 21ஆவது திருத்தம் வந்து அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும் என்பதைத் திரும்பக் கொண்டுவந்தது. இதை நாம் வரவேற்கிறோம். நாற்காலியைக் கூட்டுகிறவரும் ஆளைப் பொறுக்குகிறவரும் ஒருவரே என்றால் அந்த நீதிமன்றத்தில் சாதாரண மனிதனுக்கு நம்பிக்கை வராது.

இது எல்லா நாட்டிலும் உள்ள சிக்கல். அமெரிக்காவில் 1937இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9 பேர் கொண்ட உச்ச நீதிமன்றத்தை 15 பேர் வரை கூட்டப் பார்த்தார். தொழிலாளருக்குச் சாதகமான அவருடைய சட்டங்களை அந்த நீதிமன்றம் தள்ளிக்கொண்டிருந்தது என்பது உண்மை. ஆனாலும் அவருடைய சொந்தக் கட்சியினரே அதற்கு உடன்படவில்லை. அண்மையில், 2024இல், கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்களில் 66 நீதிபதிப் பதவிகளைக் கூட்டும் சட்டமூலத்தைச் செனட் சபை ஓகஸ்ட் மாதமே நிறைவேற்றியது. மக்கள் பிரதிநிதிகள் சபை தேர்தல் முடிந்து, வெல்பவர் யார் என்று தெரிந்த பிறகுதான் வாக்கெடுத்தது. டிசெம்பர் 23ஆம் திகதி ஜனாதிபதி பைடன் அதை நிராகரித்தார். நீதிபதிகள் தேவை என்பதை இரண்டு கட்சியும் ஏற்றுக்கொண்டிருந்தன. யார் நியமிப்பது என்ற இழுபறியில் வழக்குக்காரர்கள் தெருவில் நின்றார்கள்.

இங்கே கீழ் நீதிமன்றங்களில் அந்த இழுபறிக்கு இடமே இல்லை. ஊர்காவற்றுறைக்கு ஒரு மேலதிக நீதவானையோ ஹட்டனுக்கு ஒரு மேலதிக தொழில் நியாய சபைத் தலைவரையோ போடுவதால் எந்தக் கட்சிக்கும் ஆதாயமில்லை. ஆதாயம் மக்களுக்குத்தான். யாரும் அவசரப்படாததற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம். நாம்தான் அவசரப்படுத்தவேண்டும்.

நாம் கேட்கவேண்டியவை

1. ஒவ்வொரு நீதவான் நீதிமன்றத்திலும் தொழில் நியாய சபையிலும் எத்தனை வழக்குகள் தேங்கியுள்ளன, எத்தனை பதவிகள் வெற்றிடம் என்பதை அரசாங்கம் வருடாவருடம் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடவேண்டும். வெற்றிடத்தை நிரப்பக் காலவரையறை வேண்டும்.

2. தோட்டப் பகுதிகளில் தொழில் நியாய சபைகளைக் கூட்டவேண்டும். தூரத் தோட்டங்களுக்கு அண்மையில் உள்ள பட்டணங்களில் மாதத்தில் குறித்த நாளில் அமர்வு நடக்கவேண்டும். நெடுந்தீவு போன்ற இடங்களில் நீதவான் தீவுக்கே வந்து அமரும் நாட்களை ஒழுங்காகவும் முன்கூட்டியே அறிவித்தும் நடத்தவேண்டும். ஒரு நீதிபதி படகேறினால் நூறு பேர் படகேறத் தேவையில்லை.

3. சேமலாப நிதி, பணிக்கொடை அறவிடும் வழக்குகளுக்கு நீதவான் நீதிமன்றங்களில் தனி நாள் ஒதுக்கவேண்டும். இவற்றில் நீண்ட சாட்சி விசாரணைக்கு இடமில்லை. சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருக்கிறது. தள்ளிப்போட நியாயமே கிடையாது.

4. வடக்கு கிழக்குக்கு வெளியே தமிழர் வழக்குகள் அதிகமுள்ள ஒவ்வொரு நீதிமன்றத்திலும் நிரந்தர மொழிபெயர்ப்பாளர் இருக்கவேண்டும்.

5. படகு ஓடாத நாளிலும் மண்சரிவால் பாதை மூடிய நாளிலும் வரமுடியாமற் போனவருக்குப் பிடியாணை போடக்கூடாது. கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தினால் அதை ஏற்று வேறு தவணை தரவேண்டும்.

கேட்பதற்குக் கையில் கணக்கு வேண்டும். நம் தோட்டத்தில் எத்தனை பேருடைய வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பது பல கமிட்டிகளில் எழுத்தில் இல்லை. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் ஒரு கொப்பியைத் திறக்கட்டும். யாருடைய வழக்கு, எந்த நீதிமன்றம், போட்ட திகதி, இதுவரை எத்தனை தவணை, ஒவ்வொரு தவணையும் எதனால் தள்ளிப்போனது: நீதிபதி இல்லையா, மொழிபெயர்ப்பாளர் இல்லையா, நிர்வாகம் வரவில்லையா? நம் பிரதிநிதி தவணை கேட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஓய்வு பெற்றவர்கள், இறந்தவர்களின் பிள்ளைகள், வேலை தேடிக் கொழும்பு போனவர்கள் யாரையும் விடவேண்டாம்.

அந்தக் கொப்பிகளைப் பிரதேசக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். சேர்த்துப் பார்த்தால் நம் மாவட்டத்துக்கு எத்தனை நீதிபதி குறைவு என்பது நமக்கே தெரியும். வரவு செலவுத் திட்டத்தில் நீதியமைச்சின் ஒதுக்கீடு விவாதத்துக்கு வரும்போது, மலையகத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் கையில் அந்தக் கணக்கு இருக்கவேண்டும். தீவகத்து மீனவர் சங்கங்களும் பனைத் தொழிலாளர் சங்கங்களும் இதேபோல ஒரு கணக்கோடு வந்தால் வடக்கின் உறுப்பினர்களும் சேர்ந்து எழும்பலாம். மேலே கூட்ட ஒரே நாளில் கை தூக்கியவர்கள், கீழே கூட்டவும் கை தூக்கட்டும்.